சாய்துளையும் கழுந்தும்

இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு உழலும் எழுத்தன் ஒருவன் மரவேலையைப் பற்றி எழுதப் புகுவது தங்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். என் தந்தையார் ஆம்பூரில் நாற்பதாண்டுகள் தச்சுத்தொழில் புரிந்தவர். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் அமர்ந்துவிட்டேன். உளி என் கைக்கு வரவில்லை; மரத்தின் மணம் மட்டும் என்னை விட்டு அகலவில்லை.

பெங்களூரில் நம்மவருள் பலருக்கு வாடகை வீடுதானே வாழ்க்கை! பதினொரு திங்களுக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கவேண்டும். இடமாற்ற ஆணை எந்நாளும் வரலாம். குழந்தைகளின் புத்தகங்களுக்கு ஓர் அடுக்கு தேவைப்பட்டபோது, கழற்றி எடுத்துச் செல்லத் தக்கதாக நானே செய்வதென்று துணிந்தேன். மைசூர்ச் சாலையை அடுத்த டிம்பர் யார்டில் சில்வர் ஓக் பலகைகள் வாங்கினேன். குடகுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்த்து, மிளகுக்கொடி படரவிடுவார்களே, அந்த மரம்தான். தேக்கின் விலை நமக்கு எட்டாது. எஸ்.பி. சாலையில் சாய்துளையிடும் ஜிக் ஒன்றும் வாங்கினேன்.

இம்முறை மிக எளிது. ஒரு பலகையின் உட்புறத்தில், அதன் முனையை நோக்கி, ஏறத்தாழ 15 பாகை சாய்வில் துளையிடவேண்டும். ட்ரில் பிட் இரு பருமன் உடையது. அகன்ற துளையில் திருகாணியின் தலை அமரும். குறுகிய துளை வழியே அதன் உடல் அடுத்த பலகைக்குள் ஏறும். முக்கால் அங்குலப் பலகைக்கு ஒன்றேகால் அங்குலத் திருகாணி போதும். மென்மரத்துக்குப் பரும்புரியும் வன்மரத்துக்கு நுண்புரியும் ஏற்றவை. முடுக்கும்போது பலகை நழுவும். ஆகவே கிளாம்பு போட்டு இறுகப் பிடித்துக்கொள்வது இன்றியமையாதது. பசை உலரக் காத்திருக்கவேண்டியதில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடுக்கு எழுந்து நின்றது! அதன்பின் இருமுறை வீடு மாறினோம். இருமுறையும் கழற்றி ஆட்டோவில் ஏற்றினேன். இரண்டாம் முறை பூட்டியபோது ஒரு திருகாணி பிடிப்பிழந்து சுழன்றது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இவ்வெற்றி தந்த செருக்கில் ஒரு நாற்காலியும் செய்தேன். அங்குதான் பிழைத்தேன்.

சென்ற தைப்பொங்கலுக்குத் தந்தையார் வந்திருந்தார். காப்பி அருந்திவிட்டு, வழக்கம்போல் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். படீரென்று ஓர் ஓசை! பின்கால் பிளந்து அவர் தரையில் கிடந்தார். எழுபத்திரண்டு வயது உடம்பு. என் மனைவி அலறிவிட்டாள். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ஒரு தச்சர் தம் மகன் செய்த நாற்காலியிலிருந்து விழுந்தார் என்ற வெட்கம் என்னை இன்றும் விடவில்லை.

அவர் சினக்கவில்லை. முறிந்த காலைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனப்பா, மனிதன் சாயும்போது பாரமெல்லாம் இந்தப் பூட்டில்தானே வந்து விழுகிறது? முக்கால் அங்குலம்கூட உள்ளே போகாத ஆணி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?" என்றார்.

உண்மைதான். கழுந்து தன் முழு அகலத்தாலும் துளையின் சுவர்களைத் தழுவி நிற்கிறது. பசையும் அவ்வளவு பரப்பில் பற்றுகிறது. திருகாணியின் பிடிப்போ அதன் புரி கவ்வியிருக்கும் சிறிதளவு மரத்தில் மட்டுமே. அடுக்கில் பாரம் கீழ்நோக்கி அழுத்துகிறது. அதைச் சாய்துளை தாங்கும். நாற்காலியிலோ பூட்டு நாள்தோறும் முன்னும் பின்னும் அசைக்கப்படுகிறது.

மறுநாள் கொட்டாப்புளியும் உளியும் இரவல் வாங்கி வந்தேன். தந்தையாருக்கு இப்போது கை நடுங்குகிறது. ஆகவே அவர் கோடு காட்ட, நான் வெட்டினேன். இருபதாண்டுகளுக்கு முன் கற்றிருக்கவேண்டிய பாடம்! முதல் துளை கோணிற்று, இரண்டாவதும் அப்படியே. ஒரு நாற்காலிக்கு மூன்று ஞாயிறுகள் பிடித்தன. அதற்காகவே அவர் பயணத்தை இருமுறை தள்ளிப்போட்டார்.

ஊருக்குப் புறப்படும் காலையில் அந்த நாற்காலியில் அமர்ந்து, வேண்டுமென்றே நன்றாகச் சாய்ந்து பார்த்தார். பிறகு புத்தக அடுக்கின் பின்புறம் போய்ச் சாய்துளைகளை விரலால் தடவினார்.

"இந்த ஜிக் என்ன விலை?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"உன் தங்கை வீட்டுக்கும் ஓர் அடுக்கு வேண்டுமாம்," என்றார்.