ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு வேலி

2025 ஜனவரியில் நாளிதழ் ஒன்றில் வந்த படத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அலை நுரையில் ஒரு ஆமை மல்லாந்து கிடக்கிறது. கழுத்து வீங்கி, கண்கள் பிதுங்கியிருக்கின்றன. அந்தச் சில வாரங்களில் திருவள்ளூர், சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிடக் கரையை நெருங்கி வந்தவை, விசைப்படகுகளின் இழுவலையில் மாட்டி, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கி இறந்தவை.

இரவில் கரையில் ஆமைத் தடம் தேடி நடக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "செத்த கதையை எல்லாரும் எழுதிட்டாங்க. பிழைக்க வைக்கிற ஆள் ஒருத்தர் இருக்கார். வந்து பாருங்க" என்றார். பிப்ரவரி கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு குப்பத்துக்குப் போனோம். தன் பெயரும் குப்பத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் அவர். ஊரில் அவரை ஆமைக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது அறுபத்துமூன்று. எனக்கு அவர் அண்ணா. அவருக்கு நான் தம்பி.

நாங்கள் போனபோது முழங்கால் ஆழக் குழியில் நின்று மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஆமை முட்டைப் பொரிப்பகத்தின் வடக்குப் பக்க வேலியைப் பிரித்து மறுபடி கட்டுகிற வேலை. அலையேற்றம் எட்டாத மேட்டு மணலில் நாற்பதடி நீளம், முப்பதடி அகலம். நான்கு பக்கமும் சவுக்குக் கழி. கழிகளில் இழுத்துக் கட்டிய வலை. பார்த்தவுடன் இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த வேலியில் பாதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்பது அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

முதலில் சுற்றிலும் ஒன்றரை அடிக்குப் பள்ளம் எடுக்கிறார். வலையை அதில் இறக்கிவிட்டு, அடி விளிம்பை வெளிப்பக்கமாக ஒரு முழத்துக்கு மடித்துப் பரப்பி, அதன்மேல் மணலைத் தள்ளி மிதிக்கிறார். பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் 'ட' எழுத்து மாதிரி இருக்கும்.

"எதுக்குண்ணா வெளியில மடிக்கிறீங்க?"

"முட்டை தேடி வர்ற நாய் வேலி ஓரத்துல மூக்கை வச்சு அங்கயேதான் பறிக்கும் தம்பி. பறிச்சா கால் நகத்துல வலை மாட்டும். இன்னும் பறிச்சா இன்னும் மாட்டும். ரெண்டு முழம் தள்ளிப் போய்ப் பறிக்கணும்னு அதுக்குத் தோணாது. விட்டுட்டுப் போயிடும்."

இது எந்தக் கையேட்டிலும் அவர் படித்ததில்லை. நாய் தோண்டிய குழிகளை விடியற்காலையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

வலையும் சாதாரண வலை இல்லை. மீன் வலைக்கு மெல்லிய நரம்பு நூல். அதில் குஞ்சின் துடுப்பு சிக்கினால் விடியும்முன் இறந்துவிடும். இரும்புக் கம்பி வலை உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிரும். அவர் தேர்ந்தெடுத்திருப்பது பழைய இழுவலையின் மடிப் பகுதி. மீன் மொத்தமும் வந்து சேரும் அடிப்பை அது. கயிறு மாதிரி தடித்த நூலில் நெருங்கிய கண்ணாகப் பின்னியிருப்பார்கள். நாய்ப் பல்லுக்கு அசையாது. விசைப்படகுக்காரர்கள் கழித்துப் போட்டதைக் காசிமேட்டிலிருந்து எடைக்கு வாங்கி வருகிறார். கடலுக்குள் ஆமையை மூச்சுமுட்ட வைக்கும் அதே மடியைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கையில் சொரசொரவென்று இருந்தது.

வேலிக்குள் வரிசையாகக் குழிகள், ஒன்றுக்கொன்று மூன்றடி இடைவெளியில். கரையில் ஆமை இட்ட முட்டைகளை எடுத்து வந்து இங்கே மறுபடி புதைக்கிறார்கள். அதற்குக் கையையே அளவாக வைத்திருக்கிறார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஒரு முழம். பங்குனி ஆமை பின்துடுப்பால் தோண்டும் ஆழமும் ஏறக்குறைய அதுவே. கழுத்து குறுகி, அடி அகன்று, குடம் மாதிரி. குப்புறப் படுத்து, தோள் மணலில் அழுந்த, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பகுதியை உள்ளங்கையால் வழித்து வட்டமாக்கினார். ஈர மணல் என்பதால் சுவர் சரியவில்லை. நானும் இரண்டு முறை தோண்டிப் பார்த்தேன். இரண்டு முறையும் கழுத்து இடிந்து விழுந்தது.

ஒரு கூட்டில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும். தொட்டால் குழிந்து மெல்ல மீளும் தோல். இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் செத்துவிடும். அதனால்தான் இரவெல்லாம் நடை. மணல் சூட்டைப் பொறுத்து நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து நாளில் பொரிக்கும். சூடு கூடினால் பெண் குஞ்சு அதிகம், குறைந்தால் ஆண். இந்த வெப்பக் கணக்கு, நோட்டுப் பதிவு எல்லாம் ஒரு கல்லூரிப் பையன் பார்த்துக்கொள்கிறான். அவன் நிறையச் சொன்னான். என் கவனம் முழுக்க அண்ணாவின் கையிலிருந்த குச்சியில் இருந்தது.

நான்கடிக் குச்சி. கைபிடித்த இடம் வழவழவென்று கறுத்திருந்தது. ஆமைத் தடம் முடியும் இடத்தில் மணலில் இதை இறக்கிப் பார்ப்பார். கெட்டி மணலில் குச்சி நிற்கும். கூட்டின் கழுத்து என்றால் சட்டென்று இளகும். அந்த இளகலைக் கை உணர்ந்தவுடன் நிறுத்திவிட வேண்டும், ஓர் அங்குலம் தாண்டினாலும் முட்டை உடையும். இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. ஆனால் அன்று அது முட்டையை எடுத்து விற்கும் வித்தை. சின்ன வயதில் தாத்தாவோடு போய்க் கூடைக் கூடையாக எடுத்திருக்கிறார். "தப்புன்னு யாரும் சொல்லல தம்பி. எங்களுக்கு அது வாழைக்காய் மாதிரி, கருவாடு மாதிரி ஒரு சரக்கு" என்றார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கெடுபிடி வந்தது. 1988-இல் சென்னையில் மாணவர்கள், இரவில் கூடு தேடி நடக்கும் ஆமை நடைக்கென ஒரு குழு அமைத்தார்கள். பல வருடம் கழித்து அதே மாதிரி சில இளைஞர்கள் இந்தக் குப்பத்துக்கும் வந்து, கூடு கண்டுபிடிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டபோது ஊரே இவரைக் கைகாட்டியது. 2004 சுனாமியில் கட்டுமரமும் வலையும் போனபின், ஜனவரி முதல் மே வரை இதுவே இவர் பிழைப்பு.

வேலி கட்டுவதற்கு முன்பு கூடுகளை இருந்த இடத்திலேயே விட்டுப் பார்த்திருக்கிறார்கள். உண்மையில் அதுதான் நல்லது என்று அவரே சொல்கிறார். ஆமை தேர்ந்தெடுத்த மணலைவிட நாம் தோண்டும் குழி மேலாக முடியாது. ஒடிசாவின் ருசிகுல்யாவில் லட்சக்கணக்கில் ஒன்றாக வந்து முட்டையிடுவதால், நாயும் நரியும் நுழையாதபடி கரைக்கே நீளமாக வலை கட்டிவிட்டுக் கூடுகளைத் தொடாமல் விடுகிறார்கள். இங்கேயோ ஒரு கூடு ஓரிடத்தில், அடுத்தது ஒரு மைல் தள்ளி. ஒவ்வொன்றுக்கும் காவல் இருக்க ஆளில்லை.

நாய் மட்டும் எதிரி இல்லை. மணல் நண்டு அடியிலேயே வளை போட்டு முட்டையை எட்டும். அதனால் காலையில் வேலிக்குள் புதிதாக வளை தெரிகிறதா என்று பார்த்து, நண்டைத் தோண்டிப் பிடித்துத் தூரக் கொண்டுபோய் விடுகிறார். காக்கைக்குக் கூடை. நாற்பதாம் நாள் ஒவ்வொரு குழிமேலும் மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைக்கிறார். பொரித்து ஏறும் குஞ்சு கூடைக்குள்ளேயே நிற்கும். புதுக் கூடைதான் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். பழைய மீன் கூடை வாசத்துக்கு நாய் வரும்.

மூன்று வருடங்களுக்கு முன் நடந்ததை அவர் மனைவிதான் சொன்னார். வேலி கட்டும் வேலை அந்த முறை ஒரு ஒப்பந்தக்காரரிடம் போனது. அவர் தரமான கம்பி வலைக்குக் கணக்கு எழுதி, கோழிக்கூண்டுக்குப் போடும் மெல்லிய வலையைக் கொண்டுவந்து இறக்கினார். மண்ணுக்கடியில் ஒரு சாண்கூட இறக்கவில்லை. "அவரு தலைபாடா அடிச்சுக்கிட்டாரு, கேக்கல. நீ கூலிக்காரன், சொன்னதைச் செய்யின்னாங்க" என்றார் அக்கா. நாற்பது நாளில் அடிவிளிம்பு துருப்பிடித்து உதிர்ந்தது. ஒரே இரவில் நான்கு குழிகளை நாய்கள் தோண்டிவிட்டன. காலையில் மணலெங்கும் கிழிந்த முட்டைத் தோல். அந்த வருடக் கூலி ஜூன் மாதம்தான் கைக்கு வந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மணலை அறிந்தவன் ஒருவன் இருக்க, அவனுக்கும் பணத்துக்கும் நடுவில் மணலை மிதிக்காத ஒருவன் எதற்கு? மடிவலையும் சவுக்குக் கழியும் வாங்க இந்த மனிதருக்குத் தெரியாதா? நாட்டில் எந்தக் கைத்தொழிலை எடுத்தாலும் இதே நிலைதான். தறியில் உட்கார்ந்தவனுக்கும் சூளையில் வெந்தவனுக்கும் வராத பணம், ரசீது எழுதியவனுக்கு முதலில் வந்துவிடுகிறது. இங்கே கூடுதலாக நானூறு உயிர் போயிற்று. கடலில் இறங்கும் குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து திரும்பினால் பெரிது என்பார்கள். அப்படியிருக்க, கடலைப் பார்க்குமுன்பே நானூறை இழப்பதற்கு எந்தக் கணக்கும் ஈடாகாது. பொரிப்பகத்துக்கான பணம் அதைக் கட்டுகிற மீனவர் கையில் நேராகத் தரப்பட வேண்டும். இப்போது நண்பரின் குழு கெஞ்சிக் கூத்தாடி, இந்த ஒரு குப்பத்தில் மட்டும் அப்படி நடக்கிறது.

ஏப்ரலில் மறுபடி போனேன். இரவு இரண்டு மணிக்கு அண்ணா என்னை எழுப்பினார். கூடையைத் தூக்கியபோது கறுப்பாக, என் கட்டைவிரலைவிடச் சற்றே நீளமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தொண்ணூற்றாறு குஞ்சுகள். அலைக்குப் பத்தடி முன்பே ஈரமணலில் இறக்கிவிட்டார். அவை தாமாக நடந்துதான் கடலுக்குள் போக வேண்டும் என்றார். டார்ச் அடிக்க விடவில்லை. வெளிச்சம் கண்டால் குஞ்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். கடைசிக் குஞ்சு அலைக்குள் போகும்வரை எங்களுக்குப் பின்னால் நான்கு நாய்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணாவின் மகன் கழியோடு காவல் நின்றான்.

"அதுங்க மேல கோவம் இல்ல தம்பி. என் வூட்லயும் ஒண்ணு கீது, ஆமை வர்ற மாசத்துல ராத்திரி கட்டிப் போட்டுடுவேன். இதுங்க எல்லாம் சாப்பாட்டுக்கு வந்ததுங்க" என்று சாலைப் பக்கம் கைகாட்டினார். கரையோரத்து உணவகங்களும் விருந்து மண்டபங்களும் மிச்சத்தைக் கொட்டும் இடம் அங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடலைப் பார்க்க வருபவர்களின் பிரியாணிப் பொட்டலங்களும் மணலில்தான் கிடக்கின்றன. அதைத் தின்று பெருகிய நாய்கள் அது கிடைக்காத இரவில் மணலைத் தோண்டுகின்றன.

ஜனவரி முதல் மே வரை கடற்கரைக்குப் போகிறவர்கள் மீந்த சாப்பாட்டை மணலில் விட்டு வராதீர்கள். உங்கள் நாயைக் கூட்டிப்போனால் கயிற்றில் பிடித்திருங்கள். டிராக்டர் சக்கரம் போனது மாதிரி ஒரு தடம் கண்ணில் பட்டால் அதை மிதிக்காமல், தோண்டாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.