அடுக்களைக்கு முன் ஓர் இடைகழி

தமிழர் வீட்டமைப்பைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் இடைகழி என்பது ஒன்று. தெருவாயிலுக்கும் உள்வீட்டுக்கும் இடையே அமைந்த நடைப்பகுதி அது. பேச்சு வழக்கில் ரேழி என மருவிற்று. திருக்கோவலூரில் ஒரு மழையிரவில் முதலாழ்வார் மூவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து ஒதுங்கியது இத்தகைய இடைகழியில்தான் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவினதாம் அவ்விடம். அந்நெருக்கத்தில் நான்காமவனாக இறைவன் வந்து புகுந்ததையே எல்லாரும் வியந்து பேசுவர். மழையில் நனைந்து வருகின்றவன் வீட்டுக்குள் புகுமுன் நிற்பதற்கு ஓரிடம் வேண்டும் என்று அவ்வீட்டைக் கட்டியவன் முன்னரே எண்ணியிருந்தான் என்பதை யாரும் பேசுவதில்லை.

மழைக்குப் பஞ்சமில்லாத கிள்ளான் பள்ளத்தாக்கில் எழுந்த வரிசை வீடுகள் பலவற்றில் இந்த எண்ணத்துக்கு இடமே இல்லை. முன்வாசலில் செருப்படுக்கு ஒன்று சாரலில் நனைந்துகொண்டிருக்கும். பின்வாசலைத் திறந்தால் எதிரே அடுப்பு. மழைச்சட்டையும் தலைக்கவசமும் சேறு படிந்த காலணியும் அரிசி மூட்டைக்கு அருகிலேயே சாய்ந்து கிடக்கும்.

கிள்ளானில் ஒரு குடும்பத்தார் தம் வீட்டின் பின்புறத்தை விரிவாக்க முனைந்தனர். 20 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்ட வீடு அது. பின்முற்றம் 10 அடி ஆழம். வரைவாளர் வரைந்து தந்த படத்தில் அம்முற்றம் முழுவதையும் ஈரச் சமையலறை விழுங்கியிருந்தது. குளியலறைச் சுவரை ஒட்டிய மூலையில் பலகணி இல்லாத ஓர் இருட்டறை. அதற்கு ஸ்டோர் என்று பெயர்.

வீட்டுக்குரியவரின் தாயார் எழுபதைக் கடந்தவர். படத்தைப் படிக்க அவருக்குத் தெரியவில்லை. ஆகவே, பின்வாசலில் தொடங்கி விரலால் நடந்து காட்டும்படி மகனிடம் கேட்டார். விரல் வாசலைக் கடந்தது. அடுத்த நொடியே அடுப்பைத் தொட்டது.

"வந்ததும் அடுப்பங்கரையா? கால் கழுவுவது எங்கே, தம்பி?" என்றார்.

மகன் விடையிறுக்கவில்லை. காப்பார் சாலையை ஒட்டிய ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். இருள் பிரியுமுன் தாயார் பால்மரம் சீவப் போவார். நண்பகலுக்கு மேல் திரும்பும்போது ஆடையெங்கும் ஒட்டுப்பாலின் நாற்றம் ஊறியிருக்கும். அதை அறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்க்கு விளக்கிப் பயனில்லை. லயன் வீட்டின் பின்னே பொதுக்குழாய் ஒன்று உண்டு. பலர் காண அங்கே நின்று கைகால் கழுவியபின், அதே ஆடையோடு குசினிக்குள் வந்து உலை வைப்பார். எட்டு வயதில் ஒருநாள், பள்ளிச் சட்டை அழுக்காகிவிடும் என்று சொல்லி, அணைக்க வந்த அந்தக் கைகளை விலக்கியவர் இந்த மகன். தாயார் அதனை மறந்திருக்கலாம். அவர் மறக்கவில்லை.

மருமகள் தாதியாகப் பணிபுரிபவர். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், பணி முடிந்து வந்ததும் அவர் முன்வாசல் வழியே நுழைவதை நிறுத்தினார். பின்சந்து வழியே வந்து முற்றத்துக் குழாயடியில் நின்று, சீருடையைக் களைந்து வாளியில் முக்கி, குளித்த பிறகே உள்ளே வருவார். முதல் நாளே மாமியார் அதைக் கண்டார். மறுநாள் மாலை, துணி காயும் கம்பியில் தம் பழைய புடவை ஒன்றை மறைப்பாகக் கட்டியிருந்தார். "அத்தை, நீங்கள் கிட்டே வரவேண்டாம்" என்று மருமகள் எட்ட நின்றே சொல்வார். சில மாதங்கள் அந்தப் புடவைதான் அவ்வீட்டின் இடைகழி. புதிய படமோ குழாயையும் முற்றத்தையும் ஒருசேர நீக்கியிருந்தது. மூவரில் ஒருவரும் முதலில் அதைக் கவனித்திருக்கவில்லை!

படம் திருத்தப்பட்டது. குளியலறைச் சுவரை ஒட்டி, பின்வாசலோடு சேர்ந்தாற்போல் 6 அடிக்கு 5 அடியில் கழுவிடம் ஒன்று அமைந்தது. அதன் தளம் அடுக்களைத் தளத்தைவிட 2 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும்; நீர் உள்ளே ஏறாமல் தூம்புவாயை நோக்கி ஓடும் சரிவும் வேண்டும். தூம்புவாய்க்குக் கம்பிவலை இன்றியமையாதது. எலியும் கரப்பானும் அவ்வழியே ஏறிவரும். வாளியில் நீரைத் தேக்கி வைத்தால் ஏடிஸ் கொசு குடியேறும். ஆதலால் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய் போதும் என முடிவாயிற்று. குடைக்கும் மழைச்சட்டைக்கும் சீருடைக்கும் கொக்கிகள். அடுக்களைப் பக்கம் மூடிக்கொள்ள ஒரு கதவு. அக்கதவைத் தாயார் வற்புறுத்திக் கேட்டார்.

பண்டங்களை வைக்கும் அறை எதிர்மூலைக்கு மாறிற்று. நீர் ஓடும் சுவரில் அரிசி சாயலாகாது என்பது தாயாரின் வாதம். அது பழைமைப் பேச்சன்று. ஈரம் கசியும் சுவரை ஒட்டிய பருப்பில் பூஞ்சணம் பற்றும்; புழுக்கத்தில் வண்டு பெருகும். உக்கிராணம் என்று முன்னோர் வழங்கிய அறையும், நெல் கொட்டிய குதிரும் பத்தாயமும் ஈரத்துக்கும் எலிக்கும் அஞ்சியே அமைக்கப்பட்டன. 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டட விதிகள், குடியிருப்பு அறையின் தளப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு பலகணியாகவும் இருபதில் ஒரு பங்கு காற்றுப் புகும் திறப்பாகவும் இருக்க வேண்டும் என்று வகுத்தன. பண்ட அறைக்கும் அதனையே அளவாகக் கொண்டால், 30 சதுர அடிக்கு 3 சதுர அடிப் பலகணி போதும். இவ்வீட்டின் பின்புறம் கிழக்கு நோக்கியது. இளவெயில் எட்டிப் பார்த்துவிட்டு விலகிவிடும்.

தட்டுகளைப் பற்றியும் சிந்திக்க வேண்டியிருந்தது. கண்ணாடிச் சாடிகளை வரிசையாக அடுக்கிக் காட்டும் படங்கள் இதழ்களில் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால், ஜாலான் தெங்கு கிளானாவில் மாதச் சாமான் வாங்கி வருவோர் வீட்டில் 10 கிலோ அரிசிப் பையும், மிளகாயும் மல்லியும் நிறைந்த தகரங்களும் அல்லவா இருக்கும்! 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளத்தைக் கண்டபின், கிள்ளான் வட்டாரத்தார் தரையில் அரிசி வைக்க அஞ்சுவதில் வியப்பில்லை. அடித்தட்டு தரையிலிருந்து 2 அடி உயரம் என்று குறித்தார்கள். கூரையைத் தொட்ட அந்த வெள்ளத்துக்கு அது காப்பாகாதுதான். கால்வாய் வழிந்து வரும் சிறு வெள்ளத்துக்கு ஆகும். அதன் கீழே தேங்காயும் காலிப் போத்தல்களும் இருக்கலாம்.

இறுதியாகக் கழுவிடத்தில் ஒரு திண்டு. குனிந்து செருப்பைக் கழற்றத் தாயாரால் இயலவில்லை. மேஸ்திரி வழக்கமான உயரம் ஒன்றைச் சொன்னார். மகன் அதை ஏற்காமல், தாயாரை வெவ்வேறு உயரமுள்ள முக்காலிகளில் அமர்த்தி எழச் செய்தார். சுவரைப் பிடிக்காமல் அவர் எழுந்த முக்காலி 17 அங்குலம். சுவரில் அந்த உயரத்தைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் காட்டியவர் மருமகள்.

இரு மூலைகளுக்கும் 11 அடி போக, ஈரச் சமையலறைக்கு எஞ்சியது 9 அடியே. குளிர்பதனப் பெட்டியை எங்கே வைப்பது என்பதில் மட்டும் அத்தைக்கும் மருமகளுக்கும் இன்னும் கருத்து ஒன்றவில்லை.