பிளான் நின்ற இடம்

மாம்பழ வாசனை வந்தால் எனக்கு இன்றும் லிலியன் துராம்தான் ஞாபகத்துக்கு வருவார். 1998 ஜூலை 8 இரவு, எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்திலேயே மூன்று கூடை மாம்பழம் இருந்தது. மறுநாள் ஆனிப் பௌர்ணமி. காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து இறைப்பதற்காக அப்பா வாங்கி வைத்திருந்தார். கூடை மேல் சாய்ந்துகொண்டு உலகக் கோப்பை அரையிறுதி பார்க்க உட்கார்ந்த என்னை, "பழம் நசுங்குதுடா" என்று பாட்டி இரண்டு தடவை எழுப்பிவிட்டாள். எனக்கு அப்போது பத்து வயது. ஆட்டம் நம் நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு.

கூடத்தில் நாற்காலி இரண்டே இரண்டு. ஒன்றில் தாத்தா, மற்றதில் சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தா வீடு, சொல்தா பென்ஷன், சொல்தா மகள் கல்யாணம் என்று அந்தச் சொல்லுக்கு ஒரு தனிப் பவிசு உண்டு. இவர் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் துப்பாக்கி தூக்கியவர். மகன் பிரான்சில். மற்றவர்களெல்லாம் தரையில்: அப்பா, பெரியப்பா, தெருப் பையன்கள், பக்கத்து வீட்டு நானா. நானா பிரேசில் கட்சி. முதல் நாள் ராத்திரியே பிரேசில் பெனால்டியில் ஹாலந்தை முடித்துவிட்டதால், "யாரு வந்தாலும் எங்ககிட்டதான் வரணும்" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

காரைக்கால்காரனுக்கு பிரான்ஸ் எப்படி "நம்ம டீம்" ஆனது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுசாக இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அன்றிலிருந்து ஆறு மாதம் தவணை. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் இந்தியர். சொல்தா தாத்தா எழுதிக் கொடுத்தார். ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் பிரெஞ்சு படித்த எங்கள் தாத்தா கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "அப்ப நெல்லு அறுப்பு நேரம்டா" என்பார். ஆறு மாதமுமா அறுப்பு என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை.

எழுதிக் கொடுக்காத தாத்தாதான் அந்த டீம் மேல் அதிகப் பைத்தியம். சொல்தா தாத்தாவின் மகன் தபாலில் அனுப்பும் 'லெகிப்' விளையாட்டுப் பத்திரிகை, பழசாகித்தான் வந்து சேரும். அதைத் தாத்தாதான் வரி விடாமல் படித்து முடிப்பார். பயிற்சியாளர் எமே ஜாக்கேயை அந்தப் பத்திரிகை கிழித்துத் தொங்கவிட்டது. 28 பேரைக் கூப்பிட்டு வைத்துவிட்டு, மே மாதம் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பினார் ஜாக்கே. அதில் அனெல்கா என்ற இளம் பையனும் ஒருவன். "கோல் போடறவன அனுப்பிட்டு பேக்குங்களா சேத்து வச்சிருக்கான்" என்று சொல்தா தாத்தாவுக்கு ஆத்திரம். தாத்தாவோ ஜாக்கே கட்சி. "வரப்பு ஒழுங்கா இருந்தா தண்ணி தானா நிக்கும்" என்பார்.

அந்த வரப்பில் நாலு பேர். வலது ஓரம் துராம், இடது ஓரம் லிசாராசு, நடுவில் தெசாயியும் லோரான் பிளானும். ஆட்டத்துக்கு முன்னால் கோல்கீப்பர் பார்த்தேஸின் மொட்டைத் தலையில் முத்தம் கொடுப்பாரே, அவர்தான் பிளான். பராகுவேயோடு கூடுதல் நேரத்தில் தங்க கோல் போட்டுக் காப்பாற்றியவரும் அவரே.

அந்த அரையிறுதியில், குரோஷியாவுடன் இடைவேளை முடிந்த உடனே அவர்கள் ஆள் சூகர் கோல் போட்டான். துராம் ஓரடி பின்தங்கி நின்றதால்தான் அது ஆஃப்சைடு ஆகவில்லை. "உங்க ஆளு தூங்கிட்டான்" என்று சொல்தா தாத்தா சொல்லி வாய் மூடவில்லை. அதே துராம் பந்தைப் பிடுங்கி, ஜோர்கயேப் திருப்பித் தந்ததை வாங்கி உள்ளே அடித்தார். எழுபதாவது நிமிஷம் இடது காலால் இன்னொன்று. அடித்துவிட்டு முழங்காலிட்டு, உதட்டில் விரல் வைத்து, ஏதோ கணக்கு மறந்த பையன் மாதிரி யோசித்தபடி இருந்தார். கூடத்தில் ஒரே கூச்சல். நான் கூடை மேல் ஏறி நின்றேன். இந்தத் தடவை பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் பிளானுக்கு ரெட் கார்டு. பிலிச் என்பவன் முகத்தில் கை பட்டதாம். அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு விழுந்த விதத்தில் தாத்தா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தும் யாருக்கும் தூக்கம் வரவில்லை. இறுதி ஆட்டத்தில் பிளான் கிடையாது. எதிரே ரொனால்டோ.

மறுநாள் மாடியில் சண்டை நடந்தது. கீழே தெரு கொள்ளாத ஜனம், மேலே நாங்கள் பழம் இறைக்கிறோம், இவர்கள் இருவரும் கைப்பிடிச் சுவரோரம் பிளான் இடத்தில் யாரை நிறுத்துவது என்று வாதாடுகிறார்கள். ஜாக்கே கையில் இருந்தது லெபஃப். செல்சியில் ஆடுபவர். "லெபஃப்ன்னா என்ன அர்த்தம் தெரியுமாடா? மாடு!" என்று சொல்தா தாத்தா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று முழுக்கத் தெருப் பையன்கள் நாங்கள் லெபஃபை மாடு என்றே சொன்னோம். ஆனால் சொல்தா தாத்தா மாட்டுக்குத்தான் ஓட்டு. ஸ்டாப்பருக்கு ஸ்டாப்பர், அவ்வளவுதான். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "துராம் பார்மாவுல எங்க ஆடறான்? நடுவுல. அவன நடுவுக்குக் கொண்டா. ரைட் பேக்குக்கு கரம்பே இருக்கான், கான்தெலா இருக்கான்."

"ரெண்டு கோல் போட்ட இடத்துலேருந்து அவனப் புடுங்குவியா?"

"கோல் போடறது அவன் வேலையா? தடுக்கறதுதான் வேலை."

நானா பக்கத்து மாடியிலிருந்து, "யார நிறுத்தினாலும் எங்காளு பிச்சுடுவான் பெரியத்தா" என்று சிரித்தார்.

பேச்சு முற்றியது. துராம் குவாதலூப் தீவுக்காரன் என்று தாத்தா ஆரம்பித்தார். 1854-லிருந்து 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன தீவு. புதுச்சேரியிலும் இங்கே காரைக்கால் துறையிலும் கப்பல் ஏறியவர்கள். மாரியம்மனை அங்கே மாலியெமே என்று கும்பிடுகிறார்கள். துராம் அந்த வம்சமில்லை என்று தாத்தாவுக்கும் தெரியும். "ஆனா அவன் ஊர்ல நம்ம சனம் இருக்கு. அந்த உரிமையில சொல்றேன், நடுவுல அவன்தான்."

சொல்தா தாத்தா கையிலிருந்த மாம்பழத்தை வீசாமல் கூடையிலேயே வைத்தார். "கையெழுத்துப் போடாதவனுக்கு என்னய்யா உரிமை? அது எங்க டீமு."

தாத்தா பதில் பேசவில்லை. படியிறங்கிப் போய்விட்டார். சொல்தா தாத்தா அன்று எங்கள் வீட்டில் சாப்பிடவும் இல்லை.

இறுதி ஆட்டத்துக்கு அவர் நாற்காலி காலியாக இருந்தது. தாத்தாவும் கூடத்துக்கு வராமல் திண்ணையில் படுத்துக்கொண்டார். நான்தான் அஞ்சல்காரன். "தாத்தா, மாட்டத்தான் நிறுத்திருக்காங்க." உம் கொட்டினார். "ஜிடான் தலையால முட்டி கோல்." உம். "மறுபடியும் ஜிடான், மறுபடியும் தலை." எழுந்து உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். ரொனால்டோவை அன்று மாடு கட்டிப்போட்டது. ரொனால்டோவுக்கு மத்தியானம் வலிப்பு வந்து, முதலில் பட்டியலிலேயே பெயர் இல்லாமல், கடைசி நேரத்தில் இறக்கினார்கள் என்பது பின்னால் தெரிந்தது. நானா இன்றும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அறுபத்தெட்டாவது நிமிஷம் தெசாயிக்கும் ரெட் கார்டு. அதைப் போய்ச் சொன்னதும் தாத்தா வேட்டியை இறுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "இப்ப நடுவுல யாரு?" பெத்தீ இறங்கி நின்றார். அந்த பெத்தீயே கடைசி நிமிஷத்தில் முன்னால் ஓடி மூன்றாவதையும் போட்டார். அப்போதுதான் பார்த்தேன், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சொல்தா தாத்தா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அவர் வீட்டில் இதைவிடப் பெரிய டிவி இருந்தது.

"காப்பி இருக்கா?" என்றார். அதிகாலை இரண்டரை மணிக்குப் பாட்டி முணுமுணுத்துக்கொண்டே அடுப்பு மூட்டினாள். மறுநாள் ஜூலை 14. பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு போர் வீரர் நினைவுத்தூணுக்குப் போனவர் கூடவே தாத்தாவும் போனார். எப்போதும் போல ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்.

தாத்தா 2003-ல் போய்ச் சேர்ந்தார். 2006 இறுதி ஆட்டத்தை சொல்தா தாத்தா வீட்டில் பார்த்தேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டும். வலது ஓரம் சாஞோல், நடுவில் கலாஸ். "இன்னொருத்தன்?" என்றார். துராம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "உன் தாத்தன் சொன்ன இடம்" என்றார்.

துராம் பிரான்சுக்காக 142 ஆட்டம் ஆடினார். அடித்த கோல் மொத்தம் இரண்டு. அந்த இரண்டும் மாம்பழக் கூடை மேல் உட்கார்ந்து நான் பார்த்தவை.