பனிக்களத்துச் செவிலி

தமிழ் பயின்றோர்க்குச் செவிலி என்றவுடன் அகப்பாடல்களில் வரும் வளர்ப்புத் தாயே நினைவுக்கு வருவாள். பெறாத மகளுக்காகப் பாலை வழியில் தேடிச் சென்று கலங்குபவள் அவள். மருத்துவமனைத் தாதியர்க்கு அப்பெயரை வழங்கியவர் எவராயினும் சொல்லின் சுவை அறிந்தவரே. அப்பெயர் முற்றும் பொருந்தும் ஒரு பெண்மணியைப் பற்றி எழுத விழைகின்றேன். அவர் பெயர் அகஸ்டா ஷிவி.

இன்று புருண்டி எனப்படும் நாடு பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்தபோது, 1921ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் அவர் அங்குப் பிறந்தார். தந்தை பெல்ஜியத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர். தாய் ஆப்பிரிக்கப் பெண்மணி. ஒன்பது வயதில் தந்தையின் ஊராகிய பாஸ்டோனுக்கு வந்தார். பின்னர் லூவன் நகரில் செவிலியர் பயிற்சி பெற்றார். கிறிஸ்துமஸ் திருநாளுக்கு வீட்டுக்கு வருமாறு தந்தை அழைத்தார். மகளும் 1944 டிசம்பர் 16 அன்று புறப்பட்டார். ஜெர்மானியப் படை ஆர்டென்ஸ் காடுகளின் வழியே பெருந்தாக்குதலைத் தொடங்கியதும் அதே நாளில்தான்! சில நாள்களில் பாஸ்டோன் நாற்புறமும் முற்றுகையிடப்பட்டது.

நகரைக் காத்து நின்ற அமெரிக்க வான்குடைப் படையின் மருத்துவப் பிரிவை ஜெர்மானியர் முன்னரே சிறைபிடித்திருந்தனர். குண்டடிபட்டோரோ பெருகினர், மருந்தும் இல்லை, அறுவைக் கருவிகளும் இல்லை. ஜாக் பிரையர் என்னும் இளம் இராணுவ மருத்துவர் உதவி வேண்டியபோது அகஸ்டா தயங்கவில்லை. ரெனே லெமேர் என்னும் மற்றொரு செவிலியும் உடன் வந்தார். குருதி தோய்ந்து தம் உடை கெட்டபின் அகஸ்டா அமெரிக்க வீரனின் சீருடையையே அணிந்து, குண்டுகள் பாயும் வெளியில் சென்று காயமுற்றோரைத் தூக்கி வந்தார்.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் செல்ல இயலவில்லை. அந்நாளைய அமெரிக்கப் படையில் வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பிரிவுகள். அவ்வேற்றுமையை ஒழிக்கும் ஆணை 1948இல்தான் பிறந்தது. கறுப்பினப் பெண் தம்மைத் தொடலாகாது என்று மறுத்த வீரரும் இருந்தனர். உயிர் ஊசலாடும் வேளையிலும் மனிதனை விட்டு நீங்காத நோய் அது! அவள் கை படலாம், அல்லது நீ மடியலாம் என்னும் கருத்துப்படப் பிரையர் விடையிறுத்தார் என்பர்.

டிசம்பர் 24 இரவு மருத்துவ நிலையத்தின்மீது குண்டு விழுந்தது. காயமுற்றிருந்தோர் ஏறத்தாழ முப்பதின்மரும் ரெனேயும் மாண்டனர். அடுத்த கட்டடத்தில் இருந்த அகஸ்டா சுவரை உடைத்துக்கொண்டு தூக்கி எறியப்பட்டும் பிழைத்தார். எழுந்து மீண்டும் பணியிற் புகுந்தார். பிரையர், ரெனேயின் உடலை வெண்ணிற வான்குடைத் துணியில் பொதிந்து பெற்றோரிடம் சேர்ப்பித்தார்.

மாண்டவரை ஊர் போற்றிற்று, அது முறையே. பிழைத்தவரை மறந்ததுதான் என்னை வருத்துகின்றது. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பள்ளிவாசற் கூடாரத்தில் பேணிய ருஃபைதா (ரலி) அம்மையாரின் பெயரை நம் வரலாற்றாசிரியர்கள் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காத்து வந்துள்ளனர். அகஸ்டாவுக்கோ தம் வாழ்நாளிலேயே பெயர் தொலைந்தது. 2001இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அவரை நினைவூட்டும் கறுப்பினச் செவிலிக்கு "அன்னா" என்று பெயர்.

அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? போருக்குப்பின் மருத்துவமனையில் முதுகெலும்பு முறிந்தோரைப் பேணினார். பெல்ஜிய வீரர் ஒருவரை மணந்து இரு மக்களை வளர்த்தார். அந்த டிசம்பரைப் பற்றி வாய் திறந்தாரல்லர். அடக்கத்தால் மட்டும் வந்த மௌனம் என்று நான் கருதவில்லை. கண்ட கொடுமையும் அவர் நாவைக் கட்டியிருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் வரலாற்றாய்வாளர் மார்ட்டின் கிங் தேடிச் சென்று, பிரஸ்ஸல்ஸ் அருகே முதியோர் இல்லத்தில் அவரைக் கண்டறிந்தார். 2011இல் பெல்ஜிய அரசர் வீரப்பட்டம் வழங்கினார். அமெரிக்கப் படையும் அவ்வாண்டு டிசம்பரில் விருதளித்தது. தாம் செய்தது இயல்பான செயலே என்றும், யாவரும் இறைவனின் மக்களே என்றும் கூறி அம்மூதாட்டி அமைந்தார். பிரையர் அதைக் காண இல்லை; 2007இலேயே மறைந்துவிட்டார். அகஸ்டா 2015 ஆகஸ்ட் 23 அன்று, தம் தொண்ணூற்று நான்காம் வயதில், கண்மூடினார்.