பெய்யாத மழை

வானில் ஒரு முகிலும் இல்லாத இரவு அது. ஆயினும், பள்ளி மாடியில் மாணவர்கள் அமைத்திருந்த மழைமானி 40 மில்லிமீட்டர் மழை பெய்ததாகப் பதிவு செய்திருந்தது. அறிவியல் கண்காட்சிக்கு நான்கு நாள்களே இருந்தன.

மழைமானியின் அமைப்பு எளியது. புனலின் அடியில், சீசாப் பலகையைப் போல இருபுறமும் சாயும் சிறு கலன் உள்ளது. 0.2 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் நிறைந்ததும் அது கவிழும். அதில் பதித்த காந்தம் கடந்து செல்லும்போது ஒரு சுவிட்ச் கணநேரம் மூடித் திறக்கும். அச்செய்தி ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினியின் முனை ஒன்றைச் சென்றடையும். விருந்தினர் வந்தாரா என்று நொடிதோறும் கதவைத் திறந்து பார்ப்பவரைப் போலக் கணினி அம்முனையைப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. அழைப்புமணி ஒலித்ததும் எழுந்து செல்பவரைப் போல, முனையின் மின்னழுத்தம் மாறியதும் தன் பணியை நிறுத்திவிட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். இதற்குக் 'குறுக்கீடு' என்று பெயர். அன்றிரவு, யாரும் அழுத்தாமலே அந்த மணி 200 முறை ஒலித்திருந்தது.

"அந்த எண்ணை அழித்துவிட்டுச் சுழியம் என்று எழுதிவிடுவோம்" என்றான் குழுவில் ஒருவன்.

"பெய்யாத மழையை இன்று மறைத்தால், நாளை பெய்யும் மழையை யார் நம்புவார்?" என்று கேட்டாள் குழுத்தலைவி.

அவள் ஐயங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பலகையில் வரிசைப்படி 11ஆவதாக உள்ள முனைக்கு 17 என்னும் வேறோர் எண்ணும் உண்டு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். அவர்களது நிரலில் அப்பிழை இல்லை. அடுத்துச் சுவிட்சை ஆராய்ந்தாள். அது மூடும்போது முனை தரையிணைப்போடு சேர்ந்து சுழிய வோல்ட் ஆகும். திறந்திருக்கும்போதோ, முனை எதனோடும் இணையாமல் அந்தரத்தில் நின்றது. நீண்ட இணைப்புக் கம்பி, அருகிலிருந்த மின்கம்பிகளின் தாக்கத்தைப் பெற்றுப் பொய்ச்செய்தி தந்தது. ஒரு மின்தடையின் வழியே முனையை 3.3 வோல்ட்டோடு இணைத்ததும் பொய்மணி ஓய்ந்தது.

பிறகு கலனைக் கையால் 10 முறை கவிழ்த்தாள். கணினி 23 என்று காட்டியது. சுவிட்சின் தகடுகள் மூடும்போது சிறிது துள்ளுகின்றன. அத்துள்ளல்களும் கவிழ்வுகளாக எண்ணப்பட்டன. ஒரு செய்தி வந்தபின் 0.2 நொடிக்கு வேறு செய்தியை ஏற்காதவாறு நிரலைத் திருத்தினாள். மணிக்கு 100 மில்லிமீட்டர் பெய்யும் பெருமழையிலும் இரு கவிழ்வுகளுக்கு இடையே ஏறத்தாழ 7 நொடிகள் இருக்கும். ஆகவே, மெய்யான மழை விடுபடாது. மீண்டும் 10 முறை கவிழ்த்தாள். கணினியும் 10 என்றது.

கண்காட்சிக்கு முந்தைய இரவு மெய்யாகவே மழை பெய்தது. காலையில் கண்ணாடி அளவுகலம் காட்டிய அளவும் கணினியின் அளவும் ஏறத்தாழ ஒத்திருந்தன.

பதிவேட்டில் 40 என்னும் எண் அழிக்கப்படவில்லை. அதன் எதிரே, "மழை இல்லை, முனை அந்தரத்தில் நின்றதால் வந்த பிழை" என்று அவள் எழுதியிருந்தாள். கண்காட்சிக்கு வந்தோர் நின்று படித்தது அந்த வரியைத்தான்.