எந்த குரூப்பு, கண்ணு?

மே மாதக் கடைசி. ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளி. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வராந்தாவில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் விண்ணப்பம் தரும் எழுத்தர், மற்றதில் வேதியியல் ஆசிரியை. சுவரில் சார்ட் பேப்பர். கணிதம்–உயிரியல், கணிதம்–கணினி அறிவியல், தாவரவியல்–விலங்கியல், வணிகவியல்–கணக்குப்பதிவியல், வரலாறு–பொருளியல், கடைசியில் தொழிற்பிரிவு. எதிர் பெஞ்சில் நான். பழைய சான்றிதழ் ஒன்றின் நகலில் கையெழுத்து வேண்டும். தலைமையாசிரியர் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் வேலை.

எல்லோர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். பிரவுசிங் சென்டரில் எடுத்த மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் ஜெராக்ஸ், போட்டோ. பெஞ்சில் நடக்கும் பேச்சு முழுக்க எண்கள்தான். "உங்க பையன் எவ்ளோங்க?" "நானூத்திப் பத்துங்க." "அப்ப ஃபர்ஸ்ட் குரூப்பு கெடைச்சுருமுங்க." பிள்ளைகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதலில் போனவர் விசைத்தறிப் பட்டறைக்காரர். சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்க வேண்டும். பையன் அவர் தோள் உயரம். ஆசிரியை பட்டியலை வாங்குகிறார். மொத்தம் 388. எல்லோருடைய கண்ணும் முதலில் போகும் அந்த இடத்துக்கு அவர் விரல் போகவில்லை. மேலேயிருந்து வரி வரியாக இறங்குகிறது. தமிழ் 84, ஆங்கிலம் 71, கணிதம் 52, அறிவியல் 93, சமூக அறிவியல் 88. கணிதத்தில் விரல் நிற்கிறது.

"எந்த குரூப்புங்ண்ணா?"

"ஃபர்ஸ்ட் குரூப்புத்தானுங்க டீச்சர். இன்ஜினியருக்குப் படிக்க வெக்கோணும். எம்மச்சான் பையனும் அதுதானுங்க எடுத்தான்."

"தம்பி, கணக்குப் பரீட்சையன்னைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லீங் டீச்சர்." கொஞ்சம் பொறுத்து, "வரமாட்டீங்குதுங்."

ஆசிரியை ஒரு துண்டுத் தாளை இழுத்து அப்பா பக்கம் திருப்பி வைத்து எழுதுகிறார். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. "அண்ணா, இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குக் கட்-ஆஃப் இருநூறு. அதுல பாதி கணக்கு மட்டும். மத்த ரெண்டும் சேர்ந்துதான் மீதிப் பாதி." அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்க்கிறார். இதை அவருக்கு இதற்கு முன் யாரும் எழுதிக் காட்டியதில்லை என்பது முகத்தில் தெரிகிறது.

"சயின்ஸ்ல 93 எடுத்திருக்கியே. அதுல என்ன புடிக்கும்?"

பையன் நிமிர்வது அப்போதுதான். "வீட்டுல வெள்ளாடு இருக்குதுங். நோவு வந்து டாக்டர் ஊசி போட வந்தா நாந்தானுங் புடிச்சுக்குவேன். போன தடவ குட்டி போடறப்ப கால் மாறி வந்துருச்சுங். அவரு கைய உட்டுத் திருப்புனாரு. பக்கத்துலயே இருந்தனுங்."

வராந்தாவில் அதுவரை யார் பேசியதிலும் இவ்வளவு நீளமான வாக்கியம் இல்லை. ஆசிரியை சுவர்ப் பட்டியலில் மூன்றாவது வரியைக் காட்டுகிறார். தாவரவியலும் விலங்கியலும் படித்தால் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் இல்லை, ப்ளஸ் டூ மதிப்பெண்தான். கல்லூரி நாமக்கல்லிலேயே இருக்கிறது. போட்டி கடுமை என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். அது கிடைக்காவிட்டால் வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி என்று வழிகளை அடுக்குகிறார். பி.இ. மட்டும் கிடையாது, அதையும் தெரிந்துகொண்டு எடுங்கள் என்கிறார்.

"மாட்டு டாக்டருங்களா?" என்கிறார் அப்பா. செல்போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போகிறார். மச்சானிடம்தான் பேசுகிறார் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து, "வீட்டுல கலந்துட்டு நாளைக்கு வாறனுங்க" என்று விண்ணப்பத்தை மடிக்காமல் கவருக்குள் வைக்கிறார். பாடப்பிரிவுக் கட்டம் வெறுமையாகவே போகிறது. பெயருக்கு அவசரமாக ஏதோ ஒன்றை எழுதித் தராமல் போனாரே, அதற்காகவே அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அடுத்து இரண்டு நண்பர்கள். இருவருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆக, இன்னொருவனுக்கு முதலாமவனோடு ஒரே வகுப்பில் உட்கார. பள்ளியில் கணினி படிக்காமல் உயிரியல் படித்தாலும் அந்த இன்ஜினியரிங்கில் சேரலாம், கேட்பது கணிதமும் இயற்பியலும் வேதியியலும்தான் என்று ஆசிரியை சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பதினைந்து வயதில் நட்பும் ஒரு காரணம்தான். அவர் அதைக் கேலி செய்யவில்லை, கண்டிக்கவும் இல்லை.

பிறகு ஒரு பெண், பாட்டியுடன். மொத்தம் 461. பெஞ்சில் ஒரு சலசலப்பு. எழுத்தர் கணிதம்–உயிரியல் என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். "காமர்ஸ் டீச்சர்" என்கிறாள் அவள், மெதுவாக.

"ஏனம்மிணி, இத்தன மார்க்க வெச்சுட்டுக் காமர்ஸா?" பெஞ்சிலிருந்து வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர். "கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைகளுக்கு டாக்டர் சீட்டுல ஏழரை பர்சன்ட் இருக்குதல்ல. உட்டுப்போட்டா வருமா?" அவர் சொன்னது உண்மை. 2020இல் வந்த அந்த உள் ஒதுக்கீடு ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலரை மருத்துவக் கல்லூரிக்குள் கொண்டுபோயிருக்கிறது. ஆனால் அந்தப் பெண் டாக்டராக வேண்டும் என்று கேட்கவில்லை. அவள் விரல்கள் சுடிதார் துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டே இருக்கின்றன.

ஆசிரியை பாட்டியைப் பார்க்கிறார். பாட்டி சொல்கிறார்: "எனக்கென்னங் தெரியும். எங்க மகளிர் குழுக் கணக்கெல்லாம் இவதானுங்க எழுதறா. பத்து ரூவா இடிச்சாலும் அத்தனையும் மறுக்கா கூட்டிப் பாத்துட்டுத்தான் சோத்துக்கு வருவா."

"அப்புறமென்ன" என்று சிரிக்கிறார் ஆசிரியை. சி.ஏ. முதல் நிலைத் தேர்வை ப்ளஸ் டூ முடித்ததும் எழுதலாம் என்கிறார். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் எந்த குரூப்பும் தடையில்லை என்கிறார். திரும்பி வராத வழி எது என்பதையும் சொல்கிறார்: காமர்ஸ் எடுத்தால் மருத்துவமும் இன்ஜினியரிங்கும் அத்தோடு முடிந்தது. "தெரிஞ்சுதானே கேக்கற?" பெண் தலையாட்டுகிறாள். எழுத்தர் எழுதுகிறார்.

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ 1978இல் வந்தது. அதற்கு முன்பு கல்லூரியில், பி.யூ.சி. வாசலில் நடந்துகொண்டிருந்த தேர்வு பள்ளி வராந்தாவுக்கு வந்தது அப்போதுதான். இத்தனை ஆண்டுகளில் பாடநூல்கள் மாறின, 1200 மதிப்பெண் 600 ஆனது, ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது, போகவும் செய்தது. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக் குரூப்பைப் பங்கிடும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதிக மார்க் என்றால் உயிரியல், நடுத்தரம் என்றால் காமர்ஸ், குறைந்தால் தொழிற்பிரிவு. இது தவறு. வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளையை வெட்கப்பட வைப்பதும், கணக்கு வராத பிள்ளையை இரண்டு வருடம் ட்யூஷன் ட்யூஷனாக அலைய வைப்பதும் இந்த வழக்கம்தான். அந்த ஆசிரியை ஒவ்வொருவருக்கும் செலவிட்டது சில நிமிடங்கள். பாட வாரியாகப் பார்த்தார், பிள்ளையிடம் கேட்டார், எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்று இரண்டையும் சொன்னார். இந்த மூன்றையும் வீட்டில் செய்ய யாருக்கும் பட்டம் தேவையில்லை.

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால், சேர்க்கைக்குக் கிளம்பும் முன் ஒரு வாரம் அவர்களுக்குக் கொடுங்கள். ப்ளஸ் ஒன் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விலங்கியலில் முதல் பாடம், கணக்குப்பதிவியலில் முதல் பாடம், கணிதத்தில் முதல் பயிற்சி, வரலாற்றில் முதல் அத்தியாயம் என்று அவர்களே படித்துப் பார்க்கட்டும். சந்தேகம் இருந்தால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசுங்கள். மச்சானையும் பக்கத்து வீட்டுக்காரரையும் அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.