தேய்த்து அழித்த பெயர்கள்

டார் எஸ் சலாமில் மரச்சிற்பம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த காலத்தில், சிற்பத்தின் அடியில் செதுக்கியவர் பொறித்திருந்த பெயரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழிக்கச் சொன்னவன் நான். கடைப் பையன்கள் தெரியாமல் செய்ததல்ல, என் உத்தரவு. ஐரோப்பாவில் சரக்கு எடுப்பவர்களுக்குப் பெயர் தெரிந்தால் அடுத்த முறை நேரே அந்த ஆளிடம் போய்விடுவார்கள், நடுவில் எனக்குக் கிடைப்பது நின்றுவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் கிடையாது.

எனக்குச் செதுக்கிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மகோண்டே மக்கள். ருவுமா ஆற்றுக்குத் தெற்கே மொசாம்பிக்கின் முவேடா மேட்டுநிலமும் வடக்கே டான்சானியாவின் நெவாலாப் பக்கமும் அவர்கள் பூமி. போர்த்துகீசியர் ஆட்சியின் வரிக்கும் கட்டாய வேலைக்கும் தப்பி, சிசால் நார்த் தோட்டங்களில் கூலி தேடி ஆற்றைக் கடந்த குடும்பங்கள் பல. 1960 ஜூன் 16 அன்று முவேடாவில் கூடிய மக்களைப் போர்த்துகீசியர் சுட்டார்கள். பிறகு விடுதலைப் போர் வந்தது, இன்னும் பலர் வடக்கே வந்தார்கள். ஊரில் சடங்குக்கு முகமூடி செதுக்கிய கைகள் நகரத்தில் விற்பனைக்குச் செதுக்கத் தொடங்கின.

முகமூடிக்கு லேசான மரம் போதும். நகரத்துச் சிற்பத்துக்கு ம்பிங்கோ. நம் ஈட்டி மரத்தின் இனம்தான், ஆனால் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். முதிர்வதற்கு எழுபது ஆண்டுக்கும் மேல் பிடிக்கும். மேல்நாட்டுக் கிளாரினெட்டுகளும் இதே மரத்தில்தான் செய்யப்படுகின்றன. வெளிப்புறம் வெளிறிய மஞ்சள், உள்ளே கருத்த வைரம். தரையில் உட்கார்ந்து, கட்டையைக் கால்களால் இடுக்கிக்கொண்டு வாச்சியால் கொத்துவார்கள். வரைபடம் கிடையாது. கட்டை எங்கே வளைகிறதோ அங்கே உடம்பும் வளையும். வெளிமரத்தின் மஞ்சளை விட்டுவைத்து அதையே தலைத்துணியாக்குகிற கைகாரர்கள் இருந்தார்கள். வாடிக்கையாளர் முழுக் கருப்பு கேட்கிறார் என்று சொல்லி, அதையும் நான் செதுக்கி எறியவைத்தேன்.

ஆவி உருவங்களான ஷெதானி பாணியைத் தொடங்கியவர் சமாகி லிகன்கோவா என்று சொல்வார்கள். ஒருவர் தோள்மேல் ஒருவராக ஒரு குலமே ஒரே கட்டையில் ஏறி நிற்கும் உஜமா பாணிக்கு ரோபர்ட்டோ யாகோபோ சங்வானியைச் சொல்வார்கள். இந்தப் பெயர்களை வாங்குபவர்களிடம் தவறாமல் சொல்வேன், விலை ஏறும். அதே நாளில் என் கிடங்குக்குப் பின்னால் உட்கார்ந்து செதுக்கிய உயிருள்ள மனிதர்களின் பெயர் தேய்ந்துகொண்டிருந்தது. கேட்ட கூலியை நான் பெரிதாகக் குறைத்ததில்லை. அதைச் சொல்லியே நெடுநாள் மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஜார்ஜ் லிலாங்காவும் (1934–2005) மகோண்டேதான், மரம் செதுக்கித் தொடங்கியவர்தான். பின்னால் அவர் ஓவியங்களை உலகம் பெயர் சொல்லித் தேடி வாங்கியது. என்னிடம் செதுக்கிய எல்லோரும் அப்படி வந்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. தேடுகிறவன் வந்து சேரும் வழியை அடைத்தவன் நான் என்றுதான் சொல்கிறேன்.

நான் ம்ஸே என்று மரியாதையாகக் கூப்பிட்டு வந்த ஒரு முதியவர் இறந்த பிறகு, அவர் மகன் என்னைத் தேடி வந்தார். அப்பா செய்தவற்றின் படம் வேண்டும், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். என் பதிவேட்டில் படம் இருந்தது. எண், உயரம், எடை, விலை, போன ஊர் எல்லாம் இருந்தன. செய்தவர் பெயர் இல்லை. வருடக்கணக்காக என் கையால் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கிய சிற்பங்கள். எது அவருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மகன் கால்விரல்களை வைத்துக் கண்டுபிடித்தார். அப்பா சுண்டுவிரலை எப்போதும் கொஞ்சம் உள்ளே மடக்கித்தான் செதுக்குவார் என்றார். ஒரு தடவைகூட நான் அதைப் பார்த்ததில்லை. அன்று பட்ட வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அவர் காட்டியவற்றை வாங்கியவர்களுக்கு, செய்தவரின் பெயரோடு, அதை அழித்தது நான்தான் என்றும் சேர்த்துக் கடிதம் எழுதினேன். சிலர் பதில் போட்டார்கள். மற்றப் படங்களை எடுத்துக்கொண்டு ம்வெங்கே சிற்பச் சந்தைக்குப் போகிறேன். பழைய ஆட்கள் சிலர் இன்னும் அங்கே செதுக்குகிறார்கள். ஒருவர் சொல்லும் பெயரை இன்னொருவர் மறுக்கிறார். அப்படியானால் இரண்டு பெயரையும் எழுதிக்கொள்கிறேன்.